கியர்பொக்ஸை இறக்கமுதல் கதவுப் பூட்டைப் பாருங்கோ

கியர் மாறேக்க பின்னால யாரோ உதைக்கிற மாதிரி ஒரு அடி. எங்களில் ஒருவரின் அப்பா வைத்திருக்கும் பழைய பென்ஸ் 123, ஓட்டோமற்றிக், டீசல். கராஜில் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்த முதல் வசனமே "கியர்பொக்ஸ் இறக்கோணும் தம்பி" என்பதுதான். ஒயில் அளவைக்கூடப் பார்க்கவில்லை. சொன்ன தொகையைக் கேட்டு அப்பா காரை வித்துப்போடுவம் என்று வெளிக்கிட்டுவிட்டார். 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு, வித்த காசுக்கு வேறொன்று வாங்கலாம் என்ற கதை அப்போது இங்கே எங்கே இருந்தது?

இறக்குவது கடைசி வேலை. அதை முதல் வேலையாகச் சொல்லும்போது நாங்களும் தலையாட்டிவிட்டு வருகிறோம். எங்களுக்குக் கோபம் அதில்தான்.

1976இல் வந்த இந்த வகைக் காரில் கியரை மாற்ற கொம்பியூட்டர் இல்லை. எல்லாம் ஒயில் அழுத்தம். மெதுவாக மாறுவதா இறுக்கமாக மாறுவதா என்பதை வக்கூம் சொல்லிக் கொடுக்கும். டீசல் எஞ்சின் தானாக வக்கூம் தராது என்பதால் அதற்குத் தனிப் பம்ப். பெடலை அமத்த அமத்த ஒரு வால்வு வக்கூமைக் குறைக்கும், மாற்றம் இறுகும். குழாயில் எங்காவது காற்று உள்ளே போனால், மெல்ல மிதித்தாலும் முழுசா மிதிச்சதாகவே கியர்பொக்ஸ் எடுத்துக்கொள்ளும். அந்த உதை இப்படித்தான் வருகிறது.

அதே பம்ப்தான் கதவுகளை ஒன்றாகப் பூட்டுவதும், திறப்பைத் திருப்பியதும் எஞ்சினை நிற்பாட்டுவதும். இந்தக் காரில் ஒரு பின்கதவு மாதக்கணக்காகப் பூட்டுப்படுவதில்லை. திறப்பை எடுத்தாலும் எஞ்சின் கொஞ்ச நேரம் குலுங்கிவிட்டுத்தான் நிற்கும். பழைய கார்தானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், நாங்களும்தான். கதவுப் பக்கம் போகும் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு ஓடினோம். கியர் வெண்ணெய் மாதிரி மாறியது. கதவுக்குள் காய்ந்து வெடித்துக் கிடந்தது ஒரு சின்ன ரப்பர் துண்டு.

எல்லாக் காருக்கும் இதே முடிவு வராது. முதலில் ஒயிலைப் பாருங்கோ: கார் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கியர் பீயில். துடைக்கிற துணி நூல் விடக்கூடாது, நூல் உள்ளே போனால் வால்வில் சிக்கும். ஒயில் குறைவென்றால் கியர் வழுக்கும். கியர் பிந்தி மாறுகிறதென்றால் பெடலிலிருந்து போகும் கம்பியின் அளவையும் பார்க்கவேண்டும். ஒயில் கறுத்து, கருகின மணமும் வந்தால் உள்ளே கிளச் தட்டுகள் எரிந்திருக்கும். அப்போது இறக்கத்தான் வேணும்.

அந்த ரப்பர் துண்டை கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "அது கதவுப் பிரச்சினை தம்பி" என்றார்கள்.