தண்டவாளம் காப்போருக்கு ஒரு நடைவழி

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில், ஆத்தூரையும் தலைவாசலையும் கடந்து சின்னசேலத்தை நெருங்குகையில், வடக்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையின் எழிலில் மனம் லயித்திருக்கும் பிரயாணிகளுள், அந்த இரும்புப் பாதையை அன்றாடம் கால்நடையாகவே சென்று சோதித்து, தளர்ந்த பிணைப்பை இறுக்கியும் தண்டவாளத்தின் விரிசலைக் கண்டறிந்தும் தங்கள் உயிருக்குக் காவலாயிருக்கும் கீமேனையும் டிராக்மேனையும் நினைத்துப் பார்ப்போர் மிகச் சிலரே.

பாதையில் கொட்டப்படும் கருங்கல் ஜல்லி கூரிய முனைகளோடுதான் இருக்கவேண்டும். கற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்தால்தான் ஸ்லீப்பர்கள் நகராமல் நிற்கும். வண்டியின் பாரம் பரவலாகப் பூமியில் இறங்கும். மழைநீரும் தேங்காமல் வடியும். ஆயினும் வண்டிக்கு ஆதாரமான அதே கல், மனிதனுடைய பாதத்தின் கீழ் உருண்டு அவனைச் சாய்க்கிறது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிடக்கும் ஸ்லீப்பர்களின் மேல் நடக்கலாமென்றால், அந்த இடைவெளி இயல்பான நடைக்கு இசைவதில்லை. சம்மட்டியும் ஸ்பேனரும் கொடிகளும் சுமந்து, ஒரு தண்டவாளத்தைப் பார்த்தபடி சென்று மற்றொன்றைப் பார்த்தபடி திரும்பும் கீமேனுக்கு, காலடியை நோக்க அவகாசம் ஏது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கைவிளக்கோடு இரவு ரோந்து செல்பவரின் சிரமத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வாறு கணுக்கால் பிசகுவதும், வருஷக்கணக்கில் முழங்கால் தேய்வதும் விபத்துகளாகவே கருதப்படுவதில்லை. வேலை செய்ய இயலாத நிலை மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்காத காயத்திற்கு நஷ்டஈடு இல்லை என்றது, பின்னாளில் திருத்தப்பட்ட வடிவில், தொழிலாளர் நஷ்டஈடு பற்றிய 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவ்வரம்பைக் கைவிடவில்லை. இரண்டு நாள் படுத்தெழுந்து, வீக்கம் வடியுமுன் வேலைக்குத் திரும்பும் தொழிலாளியின் வேதனை இதனால் எந்தக் கணக்கிலும் ஏறாமற் போகிறது. கணக்கில் ஏறாத துன்பத்திற்குப் பரிகாரம் தேட எந்த நிர்வாகமும் முனைவதில்லை.

பரிகாரம் அரிதன்று. அமெரிக்காவில், நிர்வாகத்தின் அலட்சியத்தால் காயமுற்ற ரயில்வே தொழிலாளி வழக்குத் தொடுக்கும் உரிமையை 1908-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. கலிபோர்னியா மாநிலத்திலோ, தண்டவாளத்தை ஒட்டிய நடைவழிகளை அமைத்துப் பராமரிப்பதற்கும் அங்கே மண்டும் செடிகொடிகளை அகற்றுவதற்கும் 118-ஆம் எண் பொது ஆணையே உண்டு. நம் பாதைகளிலும் ஜல்லிக்கு அப்பால் மண் ஓரம் இருக்கத்தான் செய்கிறது. சரிந்து வழியும் ஜல்லியும், முட்புதரும், மழை அரித்த பள்ளங்களும் அதனை விழுங்கிவிடாமல் காப்பதே வேண்டுவது.

ஆகவே, சேலம் கோட்ட நிர்வாகம் அவ்வோரத்தை மழைக்காலத்திற்கு முன் ஆண்டுதோறும் செப்பனிட வேண்டும். கால் இடறிய ஒவ்வொரு நிகழ்ச்சியையும், விடுப்பு எத்தனை நாளாயினும், இடம் குறித்துப் பதிவு செய்யவேண்டும். கணுக்காலைத் தாங்கும் காலணிகளை அளவு பார்த்து வழங்கவேண்டும். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டருக்கு வகுக்கப்பட்ட புதுப்பாதையிலோ, நடைவழியும் பாதையின் ஓர் அங்கமாகவே அமையவேண்டும். நெடுங்காலம் ரயிலுக்காகக் காத்திருந்த கள்ளக்குறிச்சி மக்கள், தங்கள் ஊருக்கு வரும் பாதையைக் காக்கப்போகும் தொழிலாளருக்காகவும் இதனை வற்புறுத்திக் கேட்பது நியாயமும் கடமையும் ஆகும்.