பல்லவி மக்களுடையது

கத்தோலிக்கத் திருப்பலியில் முதல் வாசகம் முடிந்ததும் வருவது பதிலுரைப் பாடல். தமிழ் வாசக நூலில், மக்கள் பாட வேண்டிய வரிக்கு முன்னால் ‘பல்லவி’ என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதே சொல் மறுபடி வரும். ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும் பஜனையும் கும்மியும் பழகிய நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இன்று பல ஆலயங்களில் அந்தப் பல்லவியையும் பாடகர் குழுவே ஒலிபெருக்கியில் பாடிவிடுகிறது. கீபோர்டில் நீண்ட முன்னிசை, பிறகு வாரத்துக்கொரு புது மெட்டு. கூடியிருப்பவர்கள் வாய்மூடி நிற்கிறார்கள். இது வெறும் இசை ரசனை சார்ந்த குறையல்ல. வழிபாட்டில் மக்களுக்குரிய பங்கையே இது பறிக்கிறது.

அந்தப் பங்கு நேற்று வந்ததல்ல. திருப்பாடல் 136-இன் 26 வசனங்களிலும் பின்பாதி ஒன்றுதான். பதில் சொல்ல ஒரு கூட்டம் உண்டு என்று நம்பி அமைத்த பாடல் அது. 356-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, அலெக்சாந்திரியாவில் ஆயர் அத்தனாசியுஸ் இருந்த ஆலயத்தைப் படைவீரர்கள் சூழ்ந்தார்கள். தியாக்கோன் திருப்பாடலை வாசிக்க, இறைவனின் இரக்கம் என்றும் உள்ளது என்ற பதிலை மக்கள் சொல்ல வேண்டும் என்று பணித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நெருக்கடியில் யாருக்கும் ஏடு தேவைப்படவில்லை. மனத்தில் பதிந்த ஒரு வரி போதுமாயிருந்தது. அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாச் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதித்ததும் உண்மை. மேற்கத்திய வழிபாட்டிலும் காலப்போக்கில் பதிலுரைப் பாடல் தேர்ந்த பாடகர்களின் கைக்கே போய்விட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம்தான், பதிலுரைகளிலும் பல்லவிகளிலும் மக்கள் பங்கெடுக்க ஊக்குவிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது.

பயிற்சியுள்ள குழு பாடினால்தானே சுருதி சேரும் என்று கேட்கலாம். பாடகர் குழுவை வளர்க்கச் சொல்லும் அதே சாசனம், மக்கள் தங்கள் பங்கை ஆற்ற வழிசெய்யவும் சொல்கிறது. குழுவுக்கு வசனங்கள் இருக்கின்றன. அவற்றில் அதன் திறமை முழுக்க வெளிப்படட்டும். திரும்பத் திரும்பச் சொன்னால் எந்திரத்தனம் ஆகிவிடாதா என்பது அடுத்த கேள்வி. பல்லவி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் வரும் வசனம் வேறு. புலம்பலுக்குப் பின் சொல்லும்போதும் நன்றிக்குப் பின் சொல்லும்போதும் அதே வரி வேறு கனம் பெறுகிறது. மௌனமாகக் கேட்பதும் பங்கேற்புதான் என்பவர்கள் சொல்வது சரி. சாசனமும் மௌனத்தை வேண்டுகிறது. ஆனால் அது எல்லாரும் சேர்ந்து காக்கும் மௌனம். பாட வழியில்லாமல் நிற்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஒருமுறை கேட்டதும் பிடிபடும் மெட்டு, எல்லாத் தொண்டைக்கும் எட்டும் சுருதி, சில வாரங்களுக்கு மாறாத பல்லவி. திருவழிபாட்டு ஆண்டின் ஒரு காலம் முழுவதற்கும் பொதுவான பதிலுரைப் பாடல்களை வாசக நூலே தந்திருக்கிறது. பல்லவி வரும்போது பாடகர் மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகரட்டும். முதல் வாரம் மக்களின் குரல் மெலிதாகத்தான் எழும். அதைப் பொறுத்துக்கொண்டு, மறுவாரமும் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.