காரின் சஸ்பென்ஷனும் பயணியின் உரிமையும்



போலோ ஜி.டி., ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற விசைமிக்க கார்களை நம் இளைஞர்கள் பலர் விரும்பி வாங்குகின்றனர். அதே காரில்தான் அலுவலகம் செல்கின்றனர். பிள்ளைகளை மதரஸாவில் விடுகின்றனர். வாப்பாவை ஜும்ஆவுக்கு அழைத்துச் செல்கின்றனர். சில மாதங்களில், வளைவுகளில் கார் இன்னும் உறுதியாகத் திரும்பவேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. சஸ்பென்ஷனை மாற்ற முற்படுகின்றனர். இது முழுவதும் வீண்விரயமே என்பார் உளர். என் கருத்து வேறு. வாகனத்தைச் செம்மையாக வைத்திருப்பது அமானிதத்தைப் பேணுவதாகும். ஆயினும் எதை, எவ்வளவு மாற்றுவது என்பதில், அதில் நாள்தோறும் அமர்வோருக்கும் உரிமை உண்டு.

ஒரு பயணத்தில், பெண்கள் அமர்ந்திருந்த ஒட்டகங்களை அன்ஜஷா (ரலி) அவர்கள் பாட்டிசைத்து விரைவாக ஓட்டிச் சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அப்பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, நிதானமாகச் செல்லுமாறு அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஒட்டகம் காராக மாறிய பின்னும் அந்த அறிவுரை மாறவில்லை. முதுகுவலியுள்ள தாயும், கருவுற்ற மனைவியும் பின்னிருக்கையில் இருக்கிறார்கள்.

சஸ்பென்ஷனின் முதற்பணி, நான்கு டயர்களும் சாலையை விட்டு விலகாமல் காப்பதே. இறுக்கமான ஸ்பிரிங் பந்தயத் தடத்தின் வழவழப்பான பரப்பில் நன்மை தரும். குண்டும் குழியுமான சாலையிலோ, அளவுக்கு மீறி இறுகிய சக்கரம் துள்ளும். துள்ளும் கணத்தில் பிடிமானம் குறையும். காரைத் தாழ்த்தினால் ஸ்பிரிங் அமுங்குவதற்குரிய இடமும் குறைகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் அதனினும் உயர்ந்தவை, செங்குத்தானவை ஏராளம். தாழ்ந்த கார் அவற்றில் அடிவயிறு உரசித்தான் கடக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நல்ல டயர், சரியான காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட். அடுத்து, தேய்ந்த புஷ்களையும் எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுங்கள். பழைய காராயின், இவ்வளவிலேயே இழந்த உறுதி பெருமளவு திரும்பிவிடும். அதன் பின்னும் வளைவில் கார் மிகச் சாய்வதாகத் தோன்றினால், சற்றுத் தடித்த ஆன்டி-ரோல் பார் பொருத்தலாம். உயரம் குறையாமலே சாய்வு குறையும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைப்பது பொருந்தா இணை. விலைமிக்க காயில்ஓவர், தினசரிப் பயணக் காருக்குக் கடைசித் தேர்வாகவே இருக்கவேண்டும். கடன் நிலுவையில் இருக்க, குடும்பத் தேவைகள் காத்திருக்க, இதற்குச் செலவிடுவது திருக்குர்ஆனின் 17-ஆம் அத்தியாயம் கண்டிக்கும் விரயத்தின் எல்லைக்குள் சென்றுவிடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஒப்பந்தத்தைப் பேணுவது முஃமினின் கடமை.

இறுதியாக நிய்யத். பிடிமானம் கூடிய கார், ஓட்டுபவரின் துணிச்சலையும் கூட்டிவிடுகிறது; ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 80 ஆக உயர்ந்தால், பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எந்த சஸ்பென்ஷனும் இக்கணக்கை மாற்றிவிடாது. திடீரெனக் குறுக்கே வரும் சிறுவனைக் காக்க உதவும் பிடிமானம் அருட்கொடை. அடுத்தவரை முந்திக் காட்டப் பயன்படும் பிடிமானம் பெருமை.

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆ, இதனை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ் என்றும், நாமாக அதற்கு ஆற்றலற்றவர்கள் என்றும் அறிக்கையிடுகிறது. இந்த உணர்வோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர், எதை மாற்றவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதை எளிதில் அறிந்துகொள்வார். நம் பயணங்களையும், நம்மை நம்பி உடன் அமர்வோரையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக! ஆமீன்.