காற்றின் வழி

கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும் மேற்குக் காற்றைக் கோடை என்றும் தமிழர் பெயரிட்டு அழைத்தனர். கோடை வலுக்கும் நாளில் கடற்காற்று கரையேறப் பிந்தும்; வெப்பம் மிகும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியசு பதிவாயிற்று. பிந்தி வரும் கடற்காற்றையும் அடுக்குமாடி வரிசைகள் மறிக்கின்றன. சுவர்களும் தார்ச்சாலைகளும் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. புயல் நாளிலோ அதே கட்டடங்களின் இடுக்கில் காற்று விரைவு கொள்கிறது.

பழவேற்காடு ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளம் இந்நிலையை இன்னும் எட்டவில்லை. எனினும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை தொலைவில் இல்லை. மனைப்பிரிவுகள் வர நெடுங்காலம் ஆகாது. ஏரி நோக்கிய தெருக்களை இப்போதே அகலமாக வரையறுத்தல் வேண்டும். அத்தெருக்கள் புயலுக்கும் வழிவிடுமே என்பர் சிலர், நியாயமான அச்சமே. பனை வரிசை அதற்கு மறுமொழி. சுவரைப் போல் காற்றை முற்றிலும் தடுக்காமல், ஊடே விட்டு அதன் விரைவைக் குறைப்பது அது. மனை அளக்க வருவோர் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.