என் சேதி கொஞ்சம், நண்பர்கள் சேதி கூடுதல்

 

சென்ற இரண்டு இதழ்களில் இந்தப் பக்கத்தைக் காணோமே, டீச்சருக்கு உடம்பு சுகமில்லையா என்று தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டு எழுதியிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. மாற்றல் வந்தது, அவ்வளவுதான். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சபாக் பெர்ணம் பக்கம் வந்திருக்கிறேன். குடியிருப்பு பாகான் நக்கோடா ஓமாரில், வாடகை வீடு. மீன்பிடிக் கிராமம். விடிந்தால் கருவாட்டு வாசம், சாய்ந்தால் கடற்காற்று. நம்மவர் வீடுகள் குறைவு. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வந்த மறுநாளே ஒரு தட்டு மீன் கொடுத்தனுப்பினார். பதிலுக்கு நான் முறுக்குக் கொடுத்தேன். உறவு தொடங்கிவிட்டது.

புதுப் பள்ளியில் மொத்தம் 39 பிள்ளைகள். எனக்குப் புறப்பாட நடவடிக்கைகளுக்கான துணைத் தலைமையாசிரியர் பதவி. பெயரின் நீளத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான்தான், ஓடி விழுந்த பிள்ளையின் முட்டிக்கு மருந்து போடுவதும் நான்தான். இதற்கு மேல் வாரத்துக்கு இருபது பாடவேளை வேறு. 1957-இல் நாடு விடுதலையடைந்தபோது 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறக்குறைய 530. தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணம் போயின, பள்ளிகள் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன. 150 பேருக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கணக்கில் எழுதுகிறார்கள். 39 என்றால் அதற்கு இன்னும் கீழே ஒரு பெயர் வைக்க வேண்டியதுதான்!

என் சேதி இவ்வளவே. மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி நண்பர்கள் சேதிக்கு வருகிறேன்.

அதற்குமுன் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லவேண்டும். “உங்கள் பக்கத்தில் எப்போதும் உங்கள் ஆட்களுக்கே விளம்பரம் செய்கிறீர்கள்” என்று கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தார். உண்மைதான் ஐயா, செய்கிறேன். வேறு யார் செய்வார்? தான் எழுதியதைத் தானே தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக நம்மவருக்குக் கூச்சம். பக்கத்தில் நிற்கிற ஒருவர் பேசினால்தான் உண்டு.

பாரதியார் புதுச்சேரியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் எல்லைக்குள் காலெடுத்து வைத்தால் கைது என்ற நிலை. 1917-இல் அவருடைய கண்ணன் பாட்டைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டவர் பரலி சு. நெல்லையப்பர். பெரிய பணக்காரரா? இல்லை. பத்திரிகை வேலை பார்த்துப் பிழைத்த மனிதர், பாரதியை அண்ணனாகக் கொண்டவர். இன்றைக்கு நம் பிள்ளைகள் பள்ளி விழாவில் கண்ணம்மாவைப் பாடுகிறார்கள் என்றால், அதில் அந்தத் தம்பியின் உழைப்பும் இருக்கிறது.

தூரத்துக் கதை எதற்கு, நம் ஊருக்கே வருவோம். 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகை வழியாகவே பாடம்! பிறகு 1952-இல் கு. அழகிரிசாமி அதே பத்திரிகையில் வேலைக்கு வந்தார். 1957 வரை கோலாலம்பூரில் இருந்தார். இங்கிருந்த இளைஞர்களைக் கூட்டி, அவர்கள் எழுதிய கதைகளை எடுத்து அலசினார். அவரே பெரிய கதாசிரியர், தன் கதையை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நட்பு என்றால் அவருக்கு அப்படி. இடைசெவல் கிராமத்தில் அவரோடு வளர்ந்தவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து பிற்பாடு நூலாகவே போட்டவர் அவர். 1970-இல் அழகிரிசாமி மறைந்த பின்னும் நண்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். தமிழ் நேசனோ 2019-இல் நின்றுபோயிற்று. இப்போது கதை வகுப்பை யார் நடத்துவது?

இதைக் கேட்கக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன். சுங்கை பெசாரில் பட்டறையில் இரும்பு ஒட்டும் வேலை செய்கிறான். அப்பா செம்பனைக் குலை அறுத்தவர். மூன்று நோட்டுப் புத்தகம் நிறையக் கதை எழுதி வைத்திருக்கிறான். நான் படித்தேன். எல்லாமே நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டேன். பாதிக் கதைகளில் கதாநாயகி கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறாள். “ஏன்டா தம்பி, பிழைத்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டேன். “அப்புறம் எப்படி டீச்சர் முடிக்கிறது?” என்றான். ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்கிற அன்று ஒரு கிழவர் பால்வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிற கதை ஒன்று இருக்கிறதே, அது போதும். எழுதிப் பழகிய வாசகர் யாராவது அவனோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கொடுப்பீர்களா? பாராட்ட வேண்டாம். திருத்த வேண்டும்.

நம் நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபிக்கக்கூடாது. பிரமுகர் வந்து முதல் நூலைப் பெரிய தொகைக்கு வாங்குவார். பொன்னாடை, மாலை, படம். மறுநாள் அந்த நூல் காரின் பின்சீட்டில் கிடக்கும். எழுதினவருக்கு அச்சுக்கூலி கிடைத்தது, நல்லதுதான். படிக்கிற ஆள் கிடைத்தாரா? பத்து வெள்ளி கொடுத்து வாங்கி, எண்ணெய்க் கையோடு புரட்டி, ‘இந்த இடம் பொய்’ என்று சொல்கிற ஒரு வாசகி நூறு பொன்னாடைக்குச் சமம்.

அடுத்தது என் தோழி. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) பக்கமெல்லாம் சுற்றிப் பாட்டிமார் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, பால்மரத்துப் பாட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிந்து வருகிறார். முதலில் ஒருவரும் பாடவில்லையாம். “பாடுங்க பாட்டி” என்றால் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகுதான் தோழிக்குச் சூட்சுமம் பிடிபட்டது. கை வேலை செய்தால்தான் வாய் பாடும். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு முறத்தோடு போகிறார். பாட்டி அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே பாட்டு வருகிறதாம்.

ஒரே தாலாட்டு இங்கே தென்னந்தோப்பில் ஒரு மாதிரி, ரப்பர் காட்டில் வேறு மாதிரி. பிள்ளையை அடித்தது யார் என்று கேட்கிற இடத்தில், தமிழ்நாட்டில் அத்தையும் மாமனும் வருவார்கள். நம்மவர் பாட்டில் கிராணியும் மண்டோரும் வந்துவிடுகிறார்கள்! இதை யார் எழுதி வைத்தார்கள், சொல்லுங்கள். பதிவு செய்த பாட்டிகளில் நால்வர் இந்த ஒன்றரை ஆண்டுக்குள் காலமாகிவிட்டார்கள். ஒருவர் பாடிய ஒப்பாரியை அவர் துக்கவீட்டிலேயே கேட்கவைத்தார்களாம். தோழி அதைச் சொல்லும்போது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஐந்நூறு பிரதி அச்சிட எண்ணம். முன்பணம் தேவை. பெரிய மனிதரிடம் போகலாமே என்றேன். தோழிக்கு இஷ்டமில்லை. 1950-களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வழியாக ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினாரே, நினைவிருக்கிறதா? அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. தோட்டத்துச் சனங்கள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு வெள்ளி சின்னக் காசு இல்லை. 1956-இல் இந்திய இயல் துறை தொடங்கிற்று. பிற்பாடு கோலாலம்பூருக்கு வந்து, இன்றும் இருக்கிறது. தோழியின் அம்மா அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவராம். அதனால்தான் இந்தப் புத்தகமும் அப்படியே வரவேண்டும் என்று பிடிவாதம். பாட்டுப் பாடினவர்களின் குடும்பங்களே முன்கூட்டி வாங்கவேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி. பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. இருந்தாலும் என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.

இன்னொரு நண்பர் சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டமொன்றில், பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைச் சுத்தம் செய்து, சனிக்கிழமை மாலைகளில் வாசிப்பு வகுப்பு வைக்கிறார். பிள்ளைகளுக்கு என்றுதான் தொடங்கினார். இப்போது இரண்டு அப்பாக்களும் பின்வரிசையில் உட்காருகிறார்கள். பணம் வேண்டாம் என்கிறார். பழைய நூல்கள், ஒரு மின்விசிறி, மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கதை சொல்ல ஆட்கள். முதல் சனிக்கிழமையை நான் எடுத்துக்கொண்டேன். மற்ற மூன்று காலியாயிருக்கின்றன.

மூவருக்கும் இந்தப் பத்திரிகை முகவரிக்கே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன். பாட்டுப் புத்தகத்துக்கு எழுதுகிறவர்கள் பணத்தை இப்போது அனுப்பவேண்டாம், பெயரும் தோட்டமும் போதும். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது பாடும் பாட்டு மட்டும் இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். உங்கள் வீட்டுப் பாட்டிக்கோ அம்மாவுக்கோ தெரிந்திருந்தால் உடனே எழுதுங்கள். தோழி நேரில் வருவார். முறம் அவர் கொண்டுவருவார். அரிசி மட்டும் உங்களுடையது.