தீச்சுவர் பொருத்தத் தெரியாதவர்கள் குற்றவாளிகள் அல்ல

வீட்டு இணைய இணைப்புக்குத் தீச்சுவர்க் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்த முயன்று தோற்றுப்போனவர்களுடன் பேசிப்பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகும். ஏறத்தாழ எல்லோருமே தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள். 'எங்கள் வயதுக்கு இதெல்லாம் விளங்காது' என்பார்கள் முதியவர்கள். 'இருந்து வாசிக்க நேரம் கிடைக்கவில்லை' என்பார்கள் இளையவர்கள். கருவியை உற்பத்தி செய்த நிறுவனத்தையோ, அதை விற்ற கடைக்காரரையோ, மாதந்தோறும் கட்டணம் அறவிடும் இணைய சேவை வழங்குநரையோ அவர்கள் குறைகூறுவதில்லை. இந்த அடக்கம் தேவையற்றது மாத்திரமல்ல, ஆபத்தானதும் கூட என்பதே எனது வாதம்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, பெற்றோர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தனித்து வாழும் வீடுகளில் இன்று சி.சி.ரி.வி. கமரா என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. தாய் மருந்து குடித்தாரா, தந்தை முற்றத்தில் விழுந்துகிடக்கிறாரா என்பதைக் கடல் கடந்து பார்ப்பதற்கான கண் அது. அதே கண்ணின் வழியாக முன்பின் தெரியாத ஒருவரும் அந்த வீட்டுக்குள் பார்க்கக்கூடும். அதைத் தடுப்பதற்காக வாங்கப்பட்ட பெட்டி, முதல் நாள் இயங்க மறுத்த காரணத்தால் அலுமாரிக்குள் உறங்குகிறது. இது தனிப்பட்ட ஒருவரின் கையாலாகாத்தனம் அல்ல. ஒரு தொழில்துறையின் பொறுப்பின்மை.

அந்தப் பெட்டி முதல் நாளிலேயே ஏன் இயங்க மறுக்கிறது?

வீடுகளுக்குள் பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்ட தனிப்பட்ட ஐ.பி. முகவரிகள் 1996 ஆம் ஆண்டின் வரையறையின்படி ஒரு கோடியே 78 இலட்சத்துக்கும் அதிகம். இத்தனை முகவரிகள் இருந்தும் பெருந்தொகையான ரவுட்டர்கள் தொழிற்சாலையில் இருந்து வெளிவரும்போது தமக்குச் சூட்டிக்கொள்ளும் முகவரி 192.168.1.1 என்பதாகவே இருக்கிறது. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற பெயர்பெற்ற தீச்சுவர் மென்பொருட்களும் அதே முகவரியுடன்தான் வருகின்றன. சேவை வழங்குநரின் பெட்டியும் அதே முகவரியில் இருந்தால், புதிய தீச்சுவருக்கு வெளிப்பக்கமும் 192.168.1, உட்பக்கமும் 192.168.1. ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருக்கும் ஒழுங்கையில் தபாற்காரர் என்ன செய்வாரோ அதைத்தான் கருவியும் செய்கிறது. கடிதம் எங்கும் போய்ச் சேருவதில்லை. உட்பக்க முகவரியை 192.168.50.1 என்று மாற்றினால் ஐந்து நிமிடத்தில் தீரும் சிக்கல் இது. இரண்டு பக்கமும் மோதுவதைக் கருவி தானாகவே கண்டறிந்து, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் செய்வதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

இரண்டாவது முடிச்சு, ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் முகவரி மாற்றும் வேலையைச் செய்வது. சேவை வழங்குநரின் பெட்டி ஒரு தடவை மாற்றுகிறது, தீச்சுவர் மறுபடியும் மாற்றுகிறது. சாதாரணமாக வலைத்தளங்களைப் பார்ப்பவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால், வெளியில் இருந்து வீட்டுக்குள் வரவேண்டிய பாதுகாப்பான இணைப்புகளும் சில விளையாட்டுகளும் சில தொலைபேசிச் சேவைகளும் தடுமாறும். சேவை வழங்குநரின் பெட்டியைப் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றி, இணைப்பின் முழுப் பொறுப்பையும் தீச்சுவரிடம் ஒப்படைப்பதே இதற்கான பரிகாரம். அதற்கு அந்தப் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல்லும், இணைப்பு பிபிபிஓஈ முறையிலானதாக இருந்தால் அதற்குரிய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும்.

இங்கேதான் வழக்கமான நாடகம் ஆரம்பிக்கிறது. உறவினர் ஒருவரின் வீட்டு இணைப்புக்காக இந்த விபரங்களைக் கேட்டு ஒரு சேவை வழங்குநருடன் நான் தொலைபேசியில் பேசினேன். மூன்று தடவைகள் வெவ்வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள். இறுதியில் கிடைத்த பதில், 'எங்கள் பெட்டியிலேயே பாதுகாப்பு இருக்கிறது, உங்களுக்கு வேறு எதற்கு?' என்பதுதான். கட்டணம் செலுத்துபவர் தனது வீட்டு வாசலுக்குத் தானே ஒரு பூட்டுப் போட விரும்பினால் ஏன் என்று விளக்கம் சொல்லவேண்டுமாம்!

மூன்றாவது, மிகவும் நுட்பமானது. பிபிபிஓஈ இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் 8 பைட்டுகள் அந்த முறையின் தேவைக்கே போய்விடுகின்றன. வழமையான 1500 பைட்டுகளில் மிஞ்சுவது 1492. இந்த அளவு பொருந்தாதபோது இணையம் முற்றாக நின்றுபோவதில்லை. சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். வங்கியின் பக்கம் திறக்காது, செய்தித்தளம் திறக்கும். வங்கிதான் பழுது என்று ஒருவர் நினைப்பார், கருவிதான் பழுது என்று இன்னொருவர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார். 1492 என்ற ஓர் இலக்கத்தைக் குறிப்பிடவேண்டிய இடத்தில் குறிப்பிட்டால் விடயம் முடிந்தது. அந்த இலக்கத்தை ஒரு சாதாரண குடும்பத்தவர் எங்கிருந்து அறிந்துகொள்வார்?

இவற்றையெல்லாம் கடந்து கருவியின் நிர்வாகப் பக்கத்தைத் திறப்பவரை வரவேற்பது பெரும்பாலும் உலாவியின் சிவப்பு எச்சரிக்கைதான்: 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல.' கருவி தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழை உலாவி நம்ப மறுப்பதே காரணம். பாதுகாப்புக் கருவிக்குள் நுழைவதற்கு, பாதுகாப்பு எச்சரிக்கையை அலட்சியம் செய்வதே முதல் படி! எச்சரிக்கைகளை மதிக்கவேண்டாம் என்று மக்களுக்குப் பயிற்றுவிப்பவர்கள், பின்னர் மோசடி மின்னஞ்சலில் மக்கள் ஏமாறும்போது விழிப்புணர்வு பற்றி உபதேசம் செய்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது வெற்றிபோலத் தோன்றும் தோல்வி. தீச்சுவரைப் பொருத்தியாயிற்று, பச்சை விளக்கு எரிகிறது, இணையமும் கிடைக்கிறது. ஆனால், சேவை வழங்குநரின் பெட்டியில் பழைய வைஃபை இன்னமும் இயங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் உள்ள தொலைபேசிகளும் கமராக்களும் பழக்கப்பட்ட பழைய பெயருடனேயே இணைந்திருக்கின்றன. அவற்றின் போக்குவரத்தில் ஒரு துளிகூடத் தீச்சுவரைத் தொடுவதில்லை. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கோடிப்பக்கக் கதவைத் திறந்துவைத்திருக்கும் நிலை. அந்த வைஃபையை அணைக்குமாறு பெட்டியுடன் வந்த துண்டுக்காகிதத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் போதும்.

இப்படியெல்லாம் அலைக்கழிக்கப்பட்டவருக்கு இறுதியில் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்று: 'தீச்சுவரை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.' கோளாறைக் கண்டுபிடிப்பதற்காகச் சில நிமிடங்கள் நிறுத்துவதில் தவறில்லை. ஆனால், நிறுத்தியவுடன் எல்லாம் சரியாகிவிட்டால் மீண்டும் இயக்குபவர் எத்தனை பேர்?

இதன் விளைவு கற்பனை அல்ல. 2016 ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் வீட்டுக் கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதற்கு மேதாவிலாசம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்டு எவராலும் மாற்றப்படாத பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அடங்கிய, 60 சோடிகளைச் சற்றுத் தாண்டிய ஒரு பட்டியலே போதுமானதாக இருந்தது. உச்சக்கட்டத்தில் சுமார் 6 இலட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. அந்த ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அது தொடுத்த தாக்குதலால் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணித்தியாலக் கணக்கில் முடங்கின. 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளைத் தொற்றியிருந்தது. வீட்டு ரவுட்டர்களை நிறுத்தி மீண்டும் இயக்குமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது.

'பாவனையாளர்தானே கற்றுக்கொள்ளவேண்டும்' என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. வீட்டு மின்சாரப் பலகையில் இருக்கும் 'ட்ரிப் சுவிட்ச்' மின்கசிவை எவ்வாறு அளக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டாலும் அது உயிரைக் காப்பாற்றுகிறது. உரிமையாளரின் அறிவை நம்பியிராமல் காப்பாற்றும்படியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தீச்சுவரிடமும் அதையே நாம் எதிர்பார்ப்பது பேராசையா?

'ரவுட்டரின் முகவரி மாற்றமே போதுமான பாதுகாப்பு' என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருப்பதை ஏற்றுக்கொள்கிறேன். அழைக்கப்படாமல் வெளியில் இருந்து வரும் இணைப்புகளை அது பெருமளவுக்குத் தடுக்கிறது. ஆனால், பல ரவுட்டர்களில் இயங்கும் யூபிஎன்பி என்ற வசதி, உள்ளே இருக்கும் கமரா கேட்டவுடன் உரிமையாளரிடம் ஒரு சொல் கேளாமலேயே கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளேயே கெட்டுப்போன கருவி ஒன்று வெளியே தொடர்புகொள்வதை முகவரி மாற்றம் தடுப்பதில்லை. ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரியே கிடைக்கக்கூடும் என்பதால் முகவரி மாற்றத்துக்கே அங்கு இடமில்லை. அங்கே தீச்சுவரின் விதிகள் மாத்திரமே துணை.

இவற்றை மாற்ற முடியாது என்று எவராவது கூறினால் நம்பவேண்டாம். ஜேர்மனியில் 2016 ஆகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தமக்கு விருப்பமான ரவுட்டரைப் பயன்படுத்தலாம். இணைப்புக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்காமலேயே கொடுக்கவேண்டியது சேவை வழங்குநரின் கடமை. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல், இணையத்துடன் இணையும் கருவிகளுக்கு நியாயமான பாதுகாப்பு அம்சங்கள் சட்டத்தால் வலியுறுத்தப்படுகின்றன. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 தொடக்கம் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் பொருட்களை விற்பது சட்டவிரோதம். மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுண்கள் அல்லது உலகளாவிய வருமானத்தில் 4 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கமுடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரதான கடப்பாடுகள் 2027 டிசெம்பரில் இருந்து உற்பத்தியாளர்களைக் கட்டுப்படுத்தும். கேட்டபோது கிடைத்தவை இவை. கேட்காதவர்களுக்கு எஞ்சுவது பழைய கடவுச்சொல்லும் பழைய கதையும்தான்.

இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கருவிகளுக்கு வகை அங்கீகாரம் வழங்குகிறது. கருவிக்குக் கருவி வேறுபட்ட கடவுச்சொல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்ற உத்தரவாதம், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க வழிகாட்டி ஆகிய மூன்றும் அந்த அங்கீகாரத்தின் நிபந்தனைகளாக இருக்கவேண்டும். நான் கையாண்ட கருவிகள் எதனுடனும் தமிழில் ஒரு வரி வந்ததில்லை. தமிழ் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் இடம்பெற்றது 1987 ஆம் ஆண்டில். அதன் பயன் வீட்டு இணையப் பெட்டியின் மேலுறைக்கும் வந்துசேர வேண்டாமா?

அதுவரை, அலுமாரிக்குள் பெட்டியை வைத்திருப்பவர்கள் அதை மீண்டும் வெளியே எடுக்கவேண்டும். முதலில் கணினியைச் சேவை வழங்குநரின் பெட்டியுடன் நேரடியாக இணைத்து இணையம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, தீச்சுவரின் இரு பக்க முகவரிகளும் மோதுகின்றனவா என்று பாருங்கள். பின்னர் இணைப்பின் வகை, 1492, இறுதியாகப் பழைய வைஃபை. ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். சேவை வழங்குநர் விபரம் தர மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மறுத்தவரின் பெயரையும் திகதியையும் குறித்துவையுங்கள். தொலைபேசியில் இலகுவாகச் சொல்லப்படும் 'முடியாது' என்பதைக் கடிதத் தலைப்பின் கீழ் எழுதிக் கையொப்பமிட அவர்கள் தயங்குவார்கள் என்பதைப் பல தசாப்த காலப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.