தரம் 9 பிள்ளையின் பெற்றோருக்கு

தரம் 9 முடித்த பிள்ளை தரம் 10க்குப் போகும்போது மூன்று பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் கட்டாயம். மற்ற மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து தொகுதிக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். ஆக ஒன்பது பாடங்கள். எங்கள் ஊரான உடப்பில் பல வீடுகளில் அந்த மூன்று பாடங்களும் தீர்மானமாகிற விதம் எனக்குப் பெரும் கவலை தருகிறது. ஆசிரியர் இருக்கிறார் என்பதற்காக ஒன்று, கூட்டாளி எடுத்தான் என்பதற்காக ஒன்று, சுகமாக ஏ எடுக்கலாம் என்று யாரோ சொன்னதற்காக ஒன்று. அதோடு முடிந்தது.

அண்மையில் ஒரு தாயிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "சேர்மார் சொல்றத எடுக்கட்டும் தம்பி, நமக்கு என்ன தெரியும்?" என்றார். அக்கறை இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கருவாடு விற்ற காசில் மகளுக்கு ரியூஷன் கட்டணம் கட்டுகிறவர். கரைவலைக் காலம் முடிந்து, வைகாசியில் தென்மேற்குக் காற்று எழுந்து வீட்டு வருமானம் விழுந்த பிறகும் அந்தக் காசை நிறுத்தாதவர். பாடங்களைத் தெரிவு செய்வதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் குறை.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைகிற பிள்ளை, பட்டம் பெற எந்தப் பாடத்தில் எத்தனை அலகு வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஆலோசகரோடு உட்கார்ந்து நான்கு வருடத்துக்கும் திட்டம் போடுவது வழக்கம். எங்கள் பரீட்சை முறை வேறு. ஆனாலும் அந்தப் பழக்கம் எங்களுக்கு இன்னும் அதிகமாகவே தேவை. அங்கே ஒரு வருடம் தவறவிட்டதை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே தரம் 10இல் எடுத்த தெரிவும் தரம் 12இல் எடுத்த தெரிவும் பிள்ளையின் பாதையைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன.

முதல் தொகுதியில் புவியியல், குடியியற் கல்வி, வணிகமும் கணக்கீடும் என்று பல உண்டு. அவற்றோடு இரண்டாம் மொழி சிங்களமும் இருக்கிறது. உடப்புப் பிள்ளைகளில் அதை எடுக்கக்கூடியவர்கள் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் வடமேல் மாகாணத்தில் நாங்கள் ஒரு தமிழ்க் கிராமம். சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முந்தல் பிரதேச செயலகத்துக்குப் போனாலும், மீன் ஏற்ற வரும் லொறிக்காரரோடு பேசினாலும் அந்த மொழி தேவைப்படுகிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சுச் சிங்களம் ஏற்கனவே நாவில் இருக்கிறது, எழுத்துத்தான் இல்லை. அரச சேவையில் சேர்கிறவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டியிருக்கிறது. அதை இருபத்தெட்டு வயதில், வேலையில் இருந்துகொண்டு, பிள்ளையையும் மடியில் வைத்துக்கொண்டு படிப்பதைவிடப் பதினைந்து வயதில் படித்து முடிப்பது நல்லது.

இரண்டாவது தொகுதி அழகியலும் இலக்கியமும். அதில் பிள்ளையின் விருப்பமே போதும்.

மூன்றாவது தொகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். அங்கே தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமும், சுகாதாரமும் உடற்கல்வியும், மனைப்பொருளியலும் இருக்கும் அதே பட்டியலில் நீர் உயிரின வளத் தொழினுட்பவியல் என்று ஒரு பாடமும் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அதற்குத் தமிழில் பாடநூல் போட்டிருக்கிறது. மீன் இனங்கள், வலை வகைகள், நன்னீர் வளர்ப்பு, இறால் வளர்ப்பு, பிடித்த மீனைக் கெடாமல் காப்பது என்று அதில் வருவதெல்லாம் உடப்புப் பிள்ளையின் வாசலில் நடக்கிற காரியங்கள். எங்களைச் சுற்றி முந்தல் களப்பு ஓரம் முழுக்க இறால் பண்ணைகள் தோன்றியதைக் கண்டோம். தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாக அவை வற்றிப்போனதையும் கண்டோம். அந்த நோய் என்ன, தண்ணீர் எப்படிக் கெட்டது, என்ன செய்திருக்கலாம் என்று அறிந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர்? அப்பாவுக்கு அனுபவத்தில் தெரிந்ததை மகன் புத்தகத்திலும் படித்தால் அது பரீட்சைப் புள்ளிக்கும் உதவும், தொழிலுக்கும் உதவும். ஆசிரியர் இல்லை என்பது பதிலாக வரக்கூடும். அப்படியானால் கடற்கரைப் பாடசாலைகளுக்கு அந்த ஆசிரியரைக் கேட்டு வாங்குவது எங்கள் பொறுப்பு. கேட்காமல் வராது.

இதிலிருந்து மேலே போனால் இன்னொரு விடயம் தெரியும். மீன்வளத்தைப் பல்கலைக்கழகத்தில் படிக்க இந்த நாட்டில் இடங்கள் உண்டு. எங்கள் மாகாணத்திலேயே, வயம்பப் பல்கலைக்கழகத்தின் மாக்கந்துர வளாகத்தில், கால்நடை, மீன்பிடி, போஷாக்குப் பீடம் இருக்கிறது. மாத்தறையில் ருகுணுப் பல்கலைக்கழகத்துக்கும் மீன்பிடிக்கென்று ஒரு பீடம் உண்டு. அங்கெல்லாம் போக உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படித்திருக்க வேண்டும். உயிரியல் பிரிவுக்குப் போகச் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளை கடலைப் படிக்கப் போகிற வழி, தரம் 10இன் விஞ்ஞான வகுப்பில் தொடங்குகிறது. அந்த வகுப்பில் வடமேல் மாகாணத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு எப்போதுமே ஆசிரியர் தட்டுப்பாடு. வேறெந்தக் குறையையும்விட இதுவே எங்கள் பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கலைப் பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரும்பிப் போகட்டும். வேறு வழியில்லாமல் போகக்கூடாது.

கலைப் பிரிவிலும் மூன்று பாடங்களை மனம் போனபடி எடுக்க முடியாது. பொதுவாகச் சமூக விஞ்ஞானத் தொகுதியிலிருந்து ஒன்றாவது இருக்க வேண்டும். மொழிகளை எடுப்பவர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. பாடசாலையில் இருக்கிற ஆசிரியர்களைப் பார்த்து மூன்றையும் பொறுக்கி எடுத்து, நல்ல பெறுபேறும் வாங்கி, பிறகு விண்ணப்பம் நிரப்பும்போதுதான் சேர்க்கை பிழை என்று அறிவது எவ்வளவு கொடுமை! உயிரியல் பிரிவிலும் இதே நிலைதான். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை, விவசாய விஞ்ஞானத்துக்கு இருக்கிறார் என்று பிள்ளை அதை எடுத்துவிடுகிறது. மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். விவசாய விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்கு அந்தப் பாதை அன்றே அடைபட்டுவிட்டது. அதைத் தெரிந்து எடுத்தால் குற்றமில்லை.

தொழில்நுட்பப் பிரிவு 2013இல் பாடசாலைகளுக்கு வந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் பாலாவி சீமெந்து ஆலையும் இருக்கிற மாவட்டம் இது. எங்கள் பிள்ளைகளில் யார் அந்தப் பிரிவைப் பற்றிப் பேசுகிறார்கள்? சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ்த் தொழிற்பிரிவு திறந்திருக்கிறது. பெறுபேறு வந்த அன்றே பெடியனை வாடிக்கு அனுப்புகிற வீடுகள் அதை விசாரித்துப் பார்க்க வேண்டும்.

கணிதத்தைப் பற்றியும் ஒரு சொல். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி என்பதுதான் உயர்தரத்துக்கு வழக்கமாகக் கேட்கப்படுகிற தகுதி. எட்டுப் பாடம் நன்றாக வந்து கணிதத்தில் மட்டும் விழுந்த பிள்ளைகளை எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். தொகுதிப் பாடங்களுக்கு ரியூஷன் தேடுவதற்கு முன் அந்தக் காசைக் கணிதத்துக்குப் போடுங்கள்.

எங்களுக்குச் சாதகமாக இருப்பது ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழர் மனத்தில் ஆறாத காயம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இழந்தது மிகப் பெரிது. அதை மறக்காமலே இதையும் சொல்ல வேண்டும்: மாவட்ட அடிப்படை இருப்பதால் உடப்புப் பிள்ளை கொழும்புப் பிள்ளையோடு எல்லா இடத்துக்கும் நேரடியாக மோத வேண்டியதில்லை. சரியான பாடச் சேர்க்கையோடு பரீட்சைக்குப் போகிறவருக்கே அந்த வசதி பயன்படும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுக்காதவருக்கு இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் பயன் இல்லை. பலர் அந்தத் தாளுக்குப் படிப்பதே இல்லை.

ஆகவே பழைய மாணவர்களிடமும் ஆலய பரிபாலன சபையாரிடமும் ஒரு வேண்டுகோள். திரௌபதை அம்மன் திருவிழாவுக்குக் கூடுகிற ஊர் நாங்கள். தரம் 9இன் மூன்றாம் தவணையில் ஒரு நாள், அதிபரும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் பெற்றோர் முன் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்க ஒரு கூட்டம் வையுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாக, கடலுக்குப் போகாத நாளாக வையுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் தமிழிலும் வெளியிடுகிற அனுமதிக் கைநூலின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு அதைத் தேடி ஓடுவதால் பயனில்லை.

பெற்றோரே, இந்தத் தவணை முடிவதற்குள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் போங்கள். மூன்று தொகுதியிலும் என்னென்ன பாடம் உண்டு, எவற்றுக்கு ஆசிரியர் இருக்கிறார், என் பிள்ளை ஆக விரும்புவதற்கு எது வேண்டும் என்று கேளுங்கள். ஆசிரியர் இல்லாத பாடத்தை எழுதி வாங்கி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஊராகச் சேர்ந்து ஒரு கடிதம் அனுப்புங்கள்.